விடாத தசை வலி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மூட்டு வலியைப் பற்றிச் சென்ற முறை எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, “எனக்கு மூட்டில் ஒன்றும் இல்லை, சதைதான் வலிக்கிறது” என்றே தொடங்கியிருந்தன. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியையும், போனது போலப் போய் அந்தக் காலம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் வலியையும் மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறோம். தசை வலி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று உறவே இல்லாத பல கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றைக் குணமாக்கும் மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது, சில நேரங்களில் கெடுதலும் செய்யும். ஆகையால் “எந்த மாத்திரை சாப்பிடலாம்?” என்று கேட்டிருப்பவர்களுக்கும், “உங்களுடையது எந்த வலி?” என்பதிலிருந்துதான் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை செய்கிறேன். ஒன்றரை ஆண்டாக வலது பக்கத் தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் கல்லை வைத்துக் கட்டியது போன்ற பாரமும் வலியும் இருக்கின்றன. அங்கிருந்து பொட்டு வரை வலி ஏறுகிறது. மசாஜ் செய்துகொண்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் பழைய நிலைதான். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்துத் தட்டு (எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்) லேசாகப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அதுதான் காரணமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால், தட்டைவிடத் தசையின் மீதே எனக்குச் சந்தேகம் அதிகம். தட்டுப் பிதுக்கம் வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் சர்வசாதாரணமாகத் தெரியும் ஒன்று. முதுகெலும்பில் வலி என்று எதுவுமில்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 100-க்கு 30 பேருக்குக் கீழ்முதுகுத் தட்டு பிதுங்கியிருந்தது. கழுத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். வலி கைவிரல் வரை மின்சாரம் பாய்வது போல இறங்கினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, கைப்பிடி தளர்ந்து பொருள்கள் நழுவினாலோ தட்டு நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவற்றைப் பற்றிய பேச்சே இல்லை.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். இடது கையால் வலது தோளின் மேல் விளிம்பில் இருக்கும் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற இரு விரல்களுக்கும் நடுவில் கிள்ளிப் பிடிப்பது போலப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் உருட்டுங்கள். மெத்தென்ற சதைக்குள் சணல் கயிறு போல விறைத்த ஓர் இழை தட்டுப்படும். அதன்மேலேயே விரலை நகர்த்திக்கொண்டு போனால் ஓரிடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு இருக்கும்; அதை அழுத்திப் பத்து விநாடி அப்படியே வைத்திருந்தால், காதின் பின்புறமாக ஏறிப் பொட்டில் போய் முடியும் அந்த வலி, “இதேதான்” என்று நீங்களே சொல்லும்படி வெளிப்படும். இதற்கு டிரிகர் பாயிண்ட் என்று பெயர். தமிழில் வலி முடிச்சு என்று சொல்லலாம். முடிச்சு இருக்கும் இடம் ஒன்று, வலி தெரியும் இடம் வேறொன்று என்பதுதான் இதன் வேடிக்கையான இயல்பு. பின்தோள் எலும்பின் மேலிருக்கும் தசையில் முடிச்சு விழுந்தால் வலி தோளின் முன்புறம் தெரியும். புட்டத்தின் ஆழத்தில் விழுந்தால் கால் நெடுக இறங்கி, நரம்பு வலியோ என்று மருத்துவரையே ஏமாற்றும். எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலியைக் காட்டும் என்று உடல் முழுவதற்கும் படம் வரைந்தவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்க மருத்துவர். கென்னடி அதிபராக இருந்தபோது அவருக்குத் தனி மருத்துவராக இருந்தவரும் இவரே. முடிச்சுக்குள் நுண்ணளவில் சரியாக என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் சிகிச்சைக்கு இந்தப் படங்கள் பெரிதும் உதவுகின்றன.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத் தசை ஏன் இப்படி இறுக வேண்டும் என்ற கேள்வி எழலாம். தசை சுருங்கும்போது அதனுள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன, தளரும்போது ரத்தம் மீண்டும் பாய்கிறது. நடக்கும்போது இந்தச் சுருக்கமும் தளர்வும் மாறி மாறி நடப்பதால் தசைக்குப் பஞ்சமே இல்லை. மவுஸ் மேல் கையை வைத்து, திரையை நோக்கித் தலையை நீட்டியபடி இரண்டு மணி நேரம் இருப்பவருக்கோ, ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையையும் தொங்கும் கையையும் தாங்கிப் பிடிக்கும் அதே சில இழைகள் ஒரு கணமும் ஓய்வில்லாமல் சுருங்கியே இருக்கின்றன. சுமை சிறியதுதான், இறக்கி வைக்க நேரமே கிடைக்காததுதான் தொல்லை.

மசாஜின் பலன் ஏன் இரண்டு நாளில் தீர்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும்: முடிச்சை அவிழ்த்த பிறகு, அதைப் போட்ட வேலைக்கே திரும்பிப் போகிறீர்கள். “நிமிர்ந்து உட்காருங்கள்” என்ற அறிவுரையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. நிமிர்ந்த நிலையிலேயே அசையாமல் இருந்தாலும் வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பதும், முழங்கை தொங்காமல் மேசையிலோ கைப்பிடியிலோ ஊன்றியிருக்கும்படி இருக்கையின் உயரத்தைச் சரிசெய்வதும் அதைவிடப் பலன் தரும். முடிச்சின் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அதன்பின் காதைத் தோளிலிருந்து விலக்கிக் கழுத்தை மறுபக்கம் சாய்த்து அரை நிமிடம் இழுத்து நிறுத்துங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் தோள், முதுகுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியைக் கற்றுக்கொண்டு ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். மற்ற வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தோளிலும் தாடையிலும் வலி தோன்றி, நின்றால் அடங்கினால், அது தசையின் வலியாக இல்லாமல் இதயத்தின் வலியாக இருக்கலாம். மசாஜுக்குப் போக வேண்டாம், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக உடம்பு முழுவதும் அடித்துப் போட்டது போல வலிக்கிறது. எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கிய திருப்தி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தை மறந்துபோகிறது. எடுக்காத பரிசோதனை இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். வீட்டிலோ இது வேலை செய்யாமல் இருக்க நான் சொல்லும் சாக்கு என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இது என் மனப்பிரமையா?

பதில்: அம்மா, உங்கள் வலி உண்மை. உங்கள் கடிதத்தை உங்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்று நம்பி, இந்த ஒரு வரியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். பரவலான வலி, களைப்பு தீராத தூக்கம், மறதி, இவற்றோடு சாதாரணமாக வரும் பரிசோதனை முடிவுகள் என்ற இந்தச் சேர்க்கைக்குப் பைப்ரோமையால்ஜியா என்று பெயர். 100 பேரில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்கு இது இருக்கிறது, பெண்களில் கூடுதல்.

1904-இல் வில்லியம் கோவர்ஸ் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் இதைத் தசை நார்களின் அழற்சி என்று கருதிப் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் தசையை எடுத்துச் சோதித்தபோது அழற்சி எதையும் காணவில்லை. தசையில் ஒன்றுமில்லை என்பதால் நோயே இல்லை என்ற முடிவுக்குப் பலர் தாவியதுதான் இந்த நோயாளிகளுக்கு நேர்ந்த பெரிய அநீதி. 2002-இல் நடந்த ஓர் ஆய்வில், நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தின் மேல் அளந்து அழுத்தம் கொடுத்தபடியே மூளையை ஸ்கேன் செய்தார்கள். நோயில்லாதவர் வலி என்று சொல்ல எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டதோ, அதில் ஏறத்தாழ பாதியிலேயே நோயாளிகள் அதே அளவு வலியைச் சொன்னார்கள். அவர்களுடைய மூளையில் வலியை உணரும் பகுதிகளும் அதற்கேற்பவே விழித்துக்கொண்டன. பொய் சொல்பவரின் மூளை அப்படி ஒத்துழைக்காது. வானொலியில் ஒலியைக் கூட்டும் குமிழ் உச்சத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது போல, உடலிலிருந்து வரும் சிறிய செய்தியையும் தண்டுவடமும் மூளையும் பெருக்கிக் காட்டுகின்றன என்பதே இன்றைய விளக்கம்.

முன்பெல்லாம் உடலில் 18 குறிப்பிட்ட இடங்களை 4 கிலோ அழுத்தத்தில் அழுத்தி, அவற்றில் 11-இல் வலித்தால்தான் இந்த நோய் என்று முடிவு செய்வார்கள். 1990-இல் வகுத்த அந்த விதி 2010-இல் கைவிடப்பட்டது. இப்போது உடலை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, குறைந்தது நான்கில் வலி மூன்று மாதமாவது இருக்கிறதா, தூக்கமும் களைப்பும் மறதியும் எவ்வளவு கடுமையாக உள்ளன என்று கேட்டே கணிக்கிறோம். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, முடக்குவாதம் போன்றவை இல்லை என்று உறுதிசெய்யத்தான் ரத்தப் பரிசோதனைகள். அவற்றில் ஒன்றும் இல்லை என்பது இந்த நோயைப் பொறுத்தவரை எதிர்பார்த்த முடிவே. நோய் இல்லை என்பதற்கான சான்றிதழ் அன்று.

தூக்கத்துக்கும் வலிக்கும் உள்ள உறவைத் தனியே சொல்ல வேண்டும். 1975-இல் மோல்டோஃப்ஸ்கி என்ற கனடிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், எந்த நோயும் இல்லாத தன்னார்வலர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஓசை எழுப்பி, முழுமையாக விழிக்கவிடாமல் உறக்கத்தை மட்டும் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் சதை வலியும் தொட்டால் வலிக்கும் இடங்களும் தோன்றிவிட்டன. வலியால் தூக்கம் கெடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டு வலி பிறக்கும் என்பதை இந்த ஆய்வு காட்டியது. உங்களுக்குக் குறட்டை இருந்தாலோ, இரவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதாக யாராவது சொல்லியிருந்தாலோ அதை மருத்துவரிடம் அவசியம் தெரிவியுங்கள்.

சிகிச்சையைப் பற்றி: ஐரோப்பிய வாதநோய் வல்லுநர் குழு 2016-இல் எல்லாச் சிகிச்சைகளையும் எடைபோட்டபோது, வலுவான பரிந்துரை பெற்றது உடற்பயிற்சி ஒன்று மட்டுமே. ஆனால் வலிக்கும் உடம்பை வைத்துக்கொண்டு எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடந்தால், மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போய் அதோடு விட்டுவிடுவீர்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்; அது பழகியபின் வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். வலி குறைந்த நாளில் விட்ட வேலையையெல்லாம் ஒரேயடியாகச் செய்து தீர்ப்பதும், அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பதும் இந்த நோயில் நான் அடிக்கடி காணும் சுழல். நல்ல நாளிலும் அளவோடு நிறுத்திக்கொள்ளவே பழக வேண்டும். இரவில் குறைந்த அளவில் தரப்படும் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் சிலருக்குக் கைகொடுக்கின்றன. இவற்றில் சில மனச்சோர்வுக்கும் தரப்படுபவை என்பதால், மருந்துத் தாளைப் பார்த்து “எனக்கு மனநோய் என்கிறாரோ” என்று வருந்த வேண்டாம். வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகளில் இவை வேலை செய்வதால்தான் கொடுக்கப்படுகின்றன. சாதாரண வலி மாத்திரைகள் இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. அபின் வகை மருந்துகளை நாடவே கூடாது.

கேள்வி: கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கிய பிறகு தொடையிலும் தோளிலும் வலி இருக்கிறது. இணையத்தில் படித்துவிட்டு நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: சந்தேகப்பட்டது சரி, நீங்களாக நிறுத்தியது சரியில்லை. ஸ்டேட்டின் உண்மையிலேயே தசையைப் பாதிப்பதுண்டு. தொடங்கிய சில வாரங்களிலோ அளவைக் கூட்டியபோதோ, இரு பக்கமும் ஒரே மாதிரி, பெரிய தசைகளில் வலி வந்தால் மருந்தின் மீது ஐயம் கொள்ளலாம். ஆனால் 19 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 1,24,000 பேரின் விவரங்களைத் தொகுத்து 2022-இல் வெளியிட்டபோது, தசை வலி சொன்னவர்கள் ஸ்டேட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம். வித்தியாசம் இவ்வளவே. தசை வலியின் பழியில் பெரும்பகுதி இந்த மாத்திரையின் மீது வீணாக விழுகிறது என்றுதான் இதற்குப் பொருள்.

மருத்துவரிடம் சென்று சி.பி.கே. என்ற தசை நொதியின் அளவைப் பாருங்கள். பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், அதனாலேயே அளவு ஏறிவிடும். இயல்பின் உச்ச அளவைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் மருந்தை நிறுத்தியாக வேண்டும். அவ்வளவு இல்லையென்றால், சில வாரம் நிறுத்திப் பார்த்து, வலி போனதும் குறைந்த அளவிலோ வேறு ஸ்டேட்டினிலோ மீண்டும் தொடங்கலாம். பலர் அப்போது எந்தத் தொல்லையும் இல்லாமல் தொடர்கிறார்கள். தைராய்டு குறைபாடு இருந்தாலோ, கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகளைச் சேர்த்து எடுத்தாலோ பாதிப்பு கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடும் வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அது அரிது, ஆனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் தாமாக ஸ்டேட்டினை நிறுத்துவது மிகவும் ஆபத்தானது.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. இரண்டு மாதமாகக் காலையில் படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. இரு தோள்களும் இடுப்பும் பூட்டிக்கொண்டது போல இருக்கின்றன. மதியத்துக்கு மேல் ஓரளவு நடமாடுகிறார். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். 50 வயதைக் கடந்தவருக்கு, சில நாட்களிலோ வாரங்களிலோ திடீரெனத் தொடங்கி, இரு தோள்களையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால், பாலிமையால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோயை நினைக்க வேண்டும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு எளிய ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் அளவு உயர்ந்திருக்கும், சி.பி.கே. இயல்பாகவே இருக்கும்.

இதே வயதில் ஓர் அம்மையாரைப் பார்த்த நினைவு வருகிறது. தலை வாரக் கையைத் தூக்க முடியாமல், சீப்பை மருமகளிடம் கொடுத்துவிட்டு அழுததாகச் சொன்னார். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் அவரே தலை வாரிப் பின்னல் போட்டுக்கொண்டு வந்தார். பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டின் குறைந்த அளவுக்கு, வழக்கமாக நாளுக்கு 12.5 முதல் 25 மில்லிகிராமுக்கு, இந்த நோய் அவ்வளவு விரைவாகக் கட்டுப்படும். அதன்பின் ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல், மருந்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். சுகமாகிவிட்டது என்று சட்டென நிறுத்துவது தவறு. எலும்பு தேயாமலும் சர்க்கரை ஏறாமலும் மருத்துவர் கண்காணிப்பார்.

ஒன்றை மட்டும் உங்கள் தாயாரிடம் இன்றே கேளுங்கள். புதிதாகத் தலைவலி உண்டா, தலை வாரும்போது மண்டைத் தோல் வலிக்கிறதா, மென்று சாப்பிடும்போது தாடை வலித்து நிறுத்தி நிறுத்தி மெல்ல வேண்டியிருக்கிறதா, கண் பார்வை சற்று நேரம் மங்கித் திரும்பியதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் காத்திருக்க வேண்டாம். இந்த நோயோடு சிலருக்குச் சேர்ந்து வரும் பொட்டுத் தமனியின் அழற்சி கண்ணுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவிடும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

கேள்வி: மாடிப்படி ஏறவும் தரையிலிருந்து எழவும் சிரமமாக இருக்கிறது. தொடையும் இடுப்பும் வலிக்கின்றன. வைட்டமின் டி குறைவாக இருக்கும் என்று தோழி சொன்னதால் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். தொடரலாமா?

பதில்: முதலில் வலியையும் பலவீனத்தையும் பிரித்துப் பாருங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, சாதாரண உயரமுள்ள நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமருங்கள். “வலிக்கிறது, ஆனால் எழ முடிகிறது” என்றால் ஒரு வழி; “வலி பெரிதில்லை, கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை” என்றால் வேறு வழி. இரண்டாவது வகையில், நெடுநாள் வைட்டமின் டி குறைபாட்டால் எலும்பு மென்மையாகும் நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்ததன் விளைவு, தசையையே உடல் தாக்கும் அழற்சி நோய்கள் ஆகியவற்றைத் தேட வேண்டும். லேபிள் இல்லாத மருந்துகளில் ஸ்டீராய்டு மறைந்திருக்கக்கூடும் என்பதால், அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணிமையில் ஊதா நிறத் தடிப்போ, விரல் முட்டிகளின் மேல் சிவந்த மேடுகளோ தோன்றியிருந்தால் தசை அழற்சியாக இருக்கலாம், தாமதம் கூடாது.

வைட்டமின் டி ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்பது பொதுவான அளவுகோல். ஆனால் லேசான குறைவு பலருக்கு வலியே இல்லாமலும் இருப்பதால், ஒரு குறைந்த எண்ணைக் கண்டவுடன் எல்லா வலிக்கும் அதையே காரணமாக்குவது சரியன்று. குறைவு கடுமையாகி எலும்பே பாதிக்கப்பட்டால் இடுப்பு, தொடை, முழங்கால் கீழெலும்பு ஆகியவற்றில் ஆழ்ந்த வலியும், வாத்து போல ஆடி நடக்கும் நடையும் வரும். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் உயரும். அளந்து பார்க்காமல் மாத்திரையைத் தொடராதீர்கள். இது உடலில் சேர்ந்து தங்கும் வைட்டமின். வாரம் ஒரு முறை என்று எழுதித் தந்த மிகை அளவு மாத்திரையைத் தினமும் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமும் சிறுநீரகப் பாதிப்புமாக வந்து சேர்பவர்கள் உண்டு. தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையையும் கூடவே செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவால் வரும் தசை வலி, உரிய மாத்திரை கிடைத்தால் சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

கேள்வி: 200 அடி நடந்தால் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிறது. 30 ஆண்டாகப் புகைபிடிக்கிறேன், சர்க்கரை நோயும் உண்டு. என்ன தைலம் தடவலாம்?

பதில்: ஐயா, தைலத்தால் இது தீராது. நடந்தால் வந்து நின்றால் போகும் கெண்டைக்கால் வலி, அந்தக் காலுக்குப் போகும் தமனி அடைபட்டிருப்பதன் குரல். அதே அடைப்பு இதயத்திலும் மூளையிலும் இருக்க வாய்ப்பு மிகுதி. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை உண்டு; கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வருவது 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு உறுதி. நின்றால் போதாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் வலி அடங்குகிறது என்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் கீழ்முதுகில் தண்டுவடப் பாதை குறுகியிருப்பது.

புகையை விட்டுவிடுங்கள். இதைக் கண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் காலைக் காப்பாற்ற இதற்கு நிகரான மருந்து என்னிடம் இல்லை. அதனுடன் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதை மருத்துவர் மேற்பார்வையில் வாரம் மூன்று நாள் என்று மூன்று மாதம் செய்தால் நடக்கும் தூரம் நன்றாகவே நீளும். பாதத்தில் ஆறாத புண்ணோ, இரவில் படுத்தாலே வலியோ வந்தால் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

கேள்வி: உடற்பயிற்சி செய்த மறுநாள் வரும் வலி, தசையில் தங்கிய லாக்டிக் அமிலத்தாலா? இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதும் அதனால்தானா? வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் வாய்வு என்கிறார்கள்.

பதில்: இரண்டுக்கும் லாக்டிக் அமிலம் காரணமன்று, பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஒரு நாள் கழித்துத் தொடங்கி ஒரு வாரத்துக்குள் தணியும் வலி, பழகாத வேலையில், குறிப்பாகப் படி இறங்குவது போலத் தசை நீண்டபடியே சுமை தாங்கும் வேலையில், இழைகளில் விழும் நுண்கீறல்களாலும் அவை ஆறும்போது வரும் அழற்சியாலும் ஏற்படுவது. வயிற்றிலுள்ள வாயு சதைக்குள் போய்ப் பிடித்துக்கொள்ள வழியே இல்லை. வாய்வு என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டு, இதய வலியையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை.

இரவில் இழுத்துக்கொண்டால், முழங்காலை நீட்டிப் பாதத்தை முகத்தை நோக்கி மடக்குங்கள். சில விநாடிகளில் விடும். படுக்கும் முன் கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. சிறுநீர் பெருக்கும் மாத்திரை, கர்ப்பம், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோய் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு இதற்குக் கொடுத்த குயினின், ரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும் என்பதால் இப்போது இதற்குப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: முதுகு வலிக்காக இரண்டு ஆண்டாகத் தினமும் வலி மாத்திரை போடுகிறேன். வேறு மருத்துவரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அவரிடம் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

பதில்: முதலில் மாத்திரைகளை. நீங்கள் விழுங்கும் எல்லாவற்றின் அட்டைகளையும், தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் போடுபவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மருந்துகளை இரண்டு வேறு பெயர்களில் ஒரே சமயத்தில் சாப்பிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வகை நாள்கணக்கில் தொடர்ந்தால் இரைப்பையில் புண்ணும், சிறுநீரகப் பாதிப்பும், ரத்த அழுத்த உயர்வும், மாரடைப்பு ஆபத்தும் சேரும். ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்திலும், அதோடு சிறுநீரையும் இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இரண்டு வாரக் குறிப்பு. ஒரு நோட்டில் தினமும் நான்கு வரி போதும்: காலையில் எழுந்தபோது விறைப்பு எத்தனை நிமிடம் இருந்தது, வலி எந்த நேரத்தில் எந்த வேலையின்போது ஏறியது, எதைச் செய்தபோது இறங்கியது, இரவு எத்தனை முறை விழித்தீர்கள். உடலின் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உருவம் வரைந்து வலிக்கும் இடத்தைப் பேனாவால் நிரப்புங்கள். எடை குறைந்திருந்தாலோ, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, வலி இரவில் எழுப்பினாலோ, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தாலோ அவற்றை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினாலும், தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்துப்போனாலும் நோட்டை எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்களைக் கடைசியாகக் காட்டினால் போதும். மருத்துவர் முதலில் உங்கள் நோட்டைப் படித்து, உங்களை நடக்கச் சொல்லி, முதுகைத் தொட்டுப் பார்க்கட்டும்.